பிள்ளை சொல்லிவிடும், கேட்க ஆள் இருக்கிறாரா?

2025 ஜூலை 12, சனிக்கிழமை. திருவள்ளூர் மாவட்டம் ஆரம்பாக்கம் அருகே, பள்ளி முடிந்து பாட்டி வீட்டுக்குத் தனியாக நடந்துபோன ஒரு சிறுமி பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டாள். அடுத்த இரண்டு வாரமும் தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிகளில் அந்தக் கண்காணிப்பு கேமரா காட்சி திரும்பத் திரும்ப ஓடியது. துப்புக் கொடுப்பவருக்கு 5 லட்சம் ரூபாய் சன்மானம் என்று போலீஸ் அறிவித்தது. ஜூலை 25 அன்று வெளிமாநிலத் தொழிலாளி ஒருவர் பிடிபட்டார்.

ஐந்து மாதம் கழித்து, டிசம்பர் இறுதியில், அதே மாவட்டத்தின் மேற்குக் கோடியிலிருந்து இன்னொரு காட்சி வந்தது. திருத்தணி போகும் மின்சார ரயிலில் ஒரு வடமாநில இளைஞரின் கழுத்தருகே அரிவாளை நீட்டி, சிரித்துக்கொண்டே ரீல்ஸ் எடுத்தார்கள் சில பையன்கள். பிறகு திருத்தணியில் அவரை ஒதுக்குப்புறமாகக் கொண்டுபோய் வெட்டினார்கள். அதையும் படம்பிடித்துப் பதிவேற்றினார்கள். பிடிபட்ட நான்கு பேருக்கும் வயது 17.

முதல் சம்பவத்துக்குப் பிறகு ஊர் கேட்டது, ‘பொம்பளப் பிள்ளைக்கு என்ன சொல்லிக் கொடுத்து அனுப்புவது?’ இரண்டாவது சம்பவத்துக்குப் பிறகு கேட்டிருக்க வேண்டியது, ‘ஆம்பளப் பையனுக்கு என்ன சொல்லிக் கொடுக்காமல் விட்டோம்?’ முதல் கேள்வி வீட்டுக்கு வீடு கேட்டது. இரண்டாவதை அவ்வளவாக யாரும் கேட்கவில்லை.

இந்த இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே பாடத்தில்தான் இருக்கிறது. தன் உடம்பின் எல்லை எது, அடுத்தவர் எல்லை எது, கோபம் வந்தால் அதை என்ன செய்வது, அவமானப்பட்டால் யாரிடம் போய்ச் சொல்வது. உலக சுகாதார நிறுவனம் 1990களிலேயே இதைப் ‘பத்து வாழ்க்கைத் திறன்கள்’ என்று பட்டியல் போட்டுவிட்டது: தன்னை அறிதல், பிறர் நிலையை உணர்தல், முடிவெடுத்தல், உணர்ச்சியைக் கையாளுதல் என்று அது போகும். தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் இது புதிதல்ல. ஆனால் இந்தப் பாடம் முழுக்கப் பிள்ளைக்குத்தான் நடத்தப்படுகிறது. பிள்ளை வந்து சொல்லும்போது கேட்க வேண்டிய பெரியவருக்கு யாரும் வகுப்பெடுப்பதில்லை.

ஆரம்பாக்கம் இருக்கும் கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் அது ஏன் கூடுதல் சிக்கல் என்பதற்கு ஊரைப் பார்க்க வேண்டும்.

சென்னை சென்ட்ரலிலிருந்து வடக்கே கிளம்பும் மின்சார ரயில்களில் பெரும்பாலானவை கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிடும். அதற்கு அப்பால் எளாவூர், ஆரம்பாக்கம். அடுத்த நிலையம் தடா, அது ஆந்திரம். கொல்கத்தா நெடுஞ்சாலை ஊரை ஒட்டியே போகிறது. சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்காலைகள், வார்ப்படப் பட்டறைகள். தேர்வாய் கண்டிகையில் டயர் தொழிற்சாலை. வேலை ஷிப்ட் கணக்கு. காலை ஷிப்டுக்குப் போகிறவர் பிள்ளை எழுவதற்கு முன் கிளம்பிவிடுவார். மதிய ஷிப்டுக்குப் போனவர் பிள்ளை தூங்கிய பிறகுதான் வருவார். அப்பா, அம்மா இருவருமே கம்பெனிக்குப் போகிற வீட்டில், பள்ளி விட்டு வரும் பிள்ளைக்குக் கதவைத் திறப்பது பாட்டி, பக்கத்து வீட்டு அக்கா, அல்லது பூட்டு.

வகுப்பறையும் அப்படித்தான். எல்லை ஊர் என்பதால் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் எப்போதும் உண்டு. 1990இலிருந்து இயங்கும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இங்கே இருக்கிறது. அங்கே பிறந்து வளர்ந்த அடுத்த தலைமுறையும் பள்ளிக்கு வந்துவிட்டது. உருக்காலைக்கு வந்த பீகார், உத்தரப் பிரதேச, அசாம் குடும்பங்களின் பிள்ளைகள் இந்தியோ போஜ்புரியோ பேசுகிறார்கள். பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, செங்குன்றம் பக்கத்துச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபாடா மாவட்டங்களிலிருந்து குடும்பத்தோடு வருகிறவர்களின் பிள்ளைகளுக்கு ஒடியா. இருளர் குடியிருப்புகளிலிருந்து, பல வீடுகளில் முதல் தலைமுறையாக, பள்ளிக்கு வரும் பிள்ளைகள் தனி.

‘தெரியாத ஆளிடம் பேசாதே’ என்று இந்த ஊரில் ஒரு பிள்ளையிடம் சொன்னால் அது யாரை நினைத்துக்கொள்ளும்? மொழி புரியாத எதிர்வீட்டுக்காரரையா? பக்கத்து பெஞ்சில் இருக்கும் பையனின் அப்பாவையா?

ஆரம்பாக்கம் சம்பவத்தில் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தக் குழந்தைக்கு முன்பின் தெரியாதவர். அதனால்தான் அது நாடு முழுக்கச் செய்தியானது என்றுகூடச் சொல்லலாம். ஏனென்றால் வழக்கமாக நடப்பது வேறு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் புள்ளிவிவரம் ஆண்டுதோறும் சொல்வது, குழந்தைகள் மீதான பாலியல் வன்கொடுமை வழக்குகளில் 90 சதவீதத்துக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்குத் தெரிந்தவர். உறவினர், அண்டைவீட்டார், குடும்ப நண்பர், ஆசிரியர், வேன் ஓட்டுநர். பள்ளிச் சுவர்களில் விழிப்புணர்வுக்காக வரையப்படும் படங்களைப் பாருங்கள்: மரத்தடியில் ஒளிந்து நின்று சாக்லேட் நீட்டுகிறவன் பெரும்பாலும் முரட்டு மீசையோடு, கலைந்த தலையோடு இருப்பான். ஞாயிற்றுக்கிழமை பிரியாணிப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வரும் மாமாவின் சாயலில் யாரும் வரைவதில்லை.

இன்னொன்றும் அந்தப் படத்தில் இருக்காது. குழந்தை எப்போதும் பெண் குழந்தை. மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வு, 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டது. ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாக 53 சதவீதம் பேர் சொன்னார்கள். அவர்களில் பாதிக்கும் சற்று மேல் ஆண் பிள்ளைகள். கிட்டத்தட்ட இருபது ஆண்டு ஆகிவிட்டது. இன்னும் ‘குட் டச், பேட் டச்’ வகுப்பு நடக்கும்போது பையன்களை விளையாடப் போகச் சொல்லிவிடும் வழக்கம் முற்றாக ஒழிந்தபாடில்லை.

அப்படி விளையாடப் போன பையன்கள் வளர்ந்து ரயிலேறுகிறார்கள். கும்மிடிப்பூண்டி, திருத்தணி, அரக்கோணம் என்று இந்த வட்டாரத்துத் தடங்களின் பெயரிலேயே சென்னைக் கல்லூரி மாணவர்களிடையே கோஷ்டி உண்டு. ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு ‘ரூட்டு தல’. பெட்டியின் கூரையைத் தட்டிப் பாட்டு, நடைமேடையில் கத்தியை உரசித் தீப்பொறி, எதிர்க் கல்லூரிக்காரன் கிடைத்தால் அடி. 2024 அக்டோபரில் திருத்தணி பக்கத்தைச் சேர்ந்த, சென்னை மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் சென்ட்ரல் அருகே இன்னொரு கல்லூரி மாணவர்களால் தாக்கப்பட்டு, சில நாளில் இறந்துபோனார். அடித்தவர்களும் அடிபட்டவரும் ஒரே மாதிரிக் குடும்பத்துப் பிள்ளைகள். பலர் வீட்டில் கல்லூரியைப் பார்க்கும் முதல் ஆள். போலீஸ் உறுதிமொழி வாங்குகிறது, பெற்றோரை அழைத்து எச்சரிக்கிறது, அடுத்த பருவத்தில் புதிய ‘தல’ வருகிறார்.

இது பதினெட்டு வயதில் முளைப்பதில்லை. 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவன் சக மாணவனை அரிவாளால் வெட்டினான். தடுக்கப்போன ஆசிரியைக்கும் வெட்டு விழுந்தது. தகராறு ஒரு பென்சிலில் தொடங்கியது. பென்சில் கேட்டுக் கிடைக்காத எரிச்சலுக்கும் புத்தகப் பையில் அரிவாள் வருவதற்கும் நடுவே பல நாள் இருந்திருக்கும். அந்த நாள்களில் ‘எனக்கு அவன்மேல ஆத்திரம் ஆத்திரமா வருது’ என்று அந்தப் பையன் போய்ச் சொல்ல ஓர் ஆள் இருந்தாரா என்பதுதான் கேட்க வேண்டியது.

சட்டத்திலும் திட்டத்திலும் குறை சொல்ல முடியாது. போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 19ஆவது பிரிவு, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரியவந்தால் எவரும் அதைப் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது, மறைத்தால் தண்டனை. 2021 மே மாதம் சென்னையின் பெயர்பெற்ற பள்ளி ஒன்றில் எழுந்த பாலியல் புகாருக்குப் பிறகு தமிழ்நாடு அரசு வழிகாட்டு நெறிமுறை கொண்டுவந்தது. பள்ளிதோறும் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு. ஆண்டுதோறும் நவம்பர் 15 முதல் 22 வரை சிறார் பாதுகாப்பு விழிப்புணர்வு வாரம். பாடநூலின் முன்பக்கத்தில் 1098, 14417 உதவி எண்கள். ‘மாணவர் மனசு’ புகார்ப் பெட்டி. 2022 அக்டோபரிலிருந்து மனநல உதவிக்கு 14416, ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில். 2024 குழந்தைகள் தினத்தன்று ‘மகிழ் முற்றம்’: குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று மாணவர்களை ஐந்து அணியாகப் பிரித்துக் கூடிப் பழக வைக்கும் ஏற்பாடு. 2025 ஆகஸ்டில் மேல்வகுப்பு மாணவியருக்கு இணையப் பாதுகாப்பு சொல்லித்தர ‘அகல் விளக்கு’.

திருவள்ளூர் மாவட்டம் தொடக்க விழாக்களுக்குப் பழகிய மாவட்டமும்கூட. எண்ணும் எழுத்தும் திட்டத்தை முதல்வர் ஸ்டாலின் 2022 ஜூன் 13 அன்று தொடங்கிவைத்தது புழல் ஒன்றியம் அழிஞ்சிவாக்கத்தில். காலை உணவுத் திட்டம் 2024 ஜூலை 15 அன்று அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு விரிவானதும் இங்கேதான், கீழச்சேரியில். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 2022 ஜூலையில், இதே கீழச்சேரி ஒரு பிளஸ் டூ மாணவி விடுதியில் இறந்துகிடந்த செய்தியால் பெயர் அடிபட்டது. மாணவி ஒருவரின் மரணத்தால் கள்ளக்குறிச்சி கனியாமூர்ப் பள்ளி கொந்தளித்த அதே மாதம். பெட்டியும் எண்ணும் குழுவும் அந்த மாதங்களின் பதற்றத்தில்தான் வேகம் எடுத்தன.

பெட்டியைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். பல பள்ளிகளில் அது தலைமையாசிரியர் அறை வாசலிலோ அலுவலகச் சுவரிலோ மாட்டப்பட்டிருக்கும். பள்ளியிலேயே ஆள் நடமாட்டம் அதிகமான இடம் அது. நான்காய் மடித்த தாளோடு ஒரு பிள்ளை அங்கே போய் நின்றால், ஐந்து நிமிடத்தில் ‘நீ யார்மேல எழுதிப் போட்ட?’ என்று வகுப்பே கேட்கும். தாளில் இருப்பது அதே அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றியதாக இருந்தால்? கையெழுத்தை அடையாளம் கண்டுவிடுவார்களோ என்ற பயத்தில் இடக்கையால் எழுதிப் பார்க்கும் வயது அது. பெட்டியைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கமோ, நூலகத்துக்குள்ளோ மாற்றி வைப்பதற்குச் செலவு இரண்டு ஆணி. சாவி யாரிடம் இருக்கும், எத்தனை பேர் முன்னிலையில் திறப்பார்கள், எழுதியதற்கு என்ன ஆயிற்று என்று எப்படித் தெரியும் என்பதைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒருமுறை உரக்கச் சொன்னால் பெட்டிக்குப் பாதி உயிர் வந்துவிடும்.

மீதிப் பாதி உயிரைப் பற்றி பீகாரில் ஒரு பெரிய பரிசோதனை நடந்திருக்கிறது. நாளந்தா மாவட்டத்தின் 74 உயர்நிலைப் பள்ளிகளில், ‘சேஹர்’ என்ற பெயரில், சங்கத் அமைப்பும் விக்ரம் படேல் உள்ளிட்ட ஆய்வாளர்களும் நடத்தியது. முடிவுகள் 2018இல் லான்செட் இதழில் வெளிவந்தன. பள்ளிகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியில் வழக்கமான வாழ்க்கைத் திறன் வகுப்பு மட்டும். இரண்டாவது பகுதியில் அதோடு கூட்டங்கள், சுவர்ப் பத்திரிகை, மனம்விட்டு எழுதிப்போட ஒரு பெட்டி, தனியே பேச ஆலோசனை நேரம் எல்லாம். நடத்தியவர் பயிற்சி பெற்ற ஆசிரியர். மூன்றாவது பகுதியிலும் அதே ஏற்பாடுகள்தான், ஆனால் நடத்தியவர் அதற்கென்றே அமர்த்தப்பட்ட ஓர் உள்ளூர்க்காரர். மனநல மருத்துவரோ உளவியல் பட்டதாரியோ அல்ல. பயிற்சி கொடுக்கப்பட்ட சாதாரண ஆள்.

எட்டு மாதத்தில் மூன்றாவது வகைப் பள்ளிகளில் சூழலே மாறியிருந்தது. சீண்டல், வன்முறை, மனச்சோர்வு எல்லாம் குறைந்தன. ஆண், பெண் சமத்துவம் பற்றிய பார்வையும் மேம்பட்டது. ஆசிரியரே நடத்திய பள்ளிகளில்? வழக்கமான பள்ளிகளுக்கும் அவற்றுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை.

ஆசிரியர்களைக் குறை சொல்ல இதைக் கையிலெடுப்பது அநியாயம். எமிஸ் தளத்தில் தரவுப் பதிவு, தேர்வு வினாத்தாள், சைக்கிள் விநியோகம், தேர்தல் பணி, காலை உணவு மேற்பார்வை என்று ஏற்கெனவே தலைக்கு மேல் இருப்பவரிடம், ‘இனி பிள்ளைகளின் மனத்தையும் பாருங்கள்’ என்று இன்னொரு பதிவேட்டைக் கொடுத்தால் பதிவேடுதான் நிரம்பும். வேறொரு காரணமும் உண்டு. காலையில் வீட்டுப்பாடம் முடிக்காததற்கு முட்டி போட வைத்தவரிடம், மதியம் ஒரு பிள்ளை தன் ரகசியத்தைச் சொல்லுமா? உடல்ரீதியான தண்டனையைக் கல்வி உரிமைச் சட்டம் 17ஆவது பிரிவில் 2009லேயே தடை செய்துவிட்டது. காதைத் திருகுவதும், தொடையில் கிள்ளுவதும், ‘செல்லமாகத்தானே’ என்ற அடைமொழியோடு இன்னும் நடக்கிறது. தன் உடம்பின்மேல் தனக்கு உரிமை உண்டு என்ற பாடத்தையும் காது திருகலையும் ஒரே கை நடத்த முடியாது.

தமிழ்நாட்டில் இதற்கென்று தனி ஆள் எத்தனை பேர்? பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கு முன் பள்ளிக் கல்வித் துறை நடமாடும் உளவியல் ஆலோசனை மையங்களைத் தொடங்கியது. மொத்தம் 10 வாகனங்கள், வாகனத்துக்கு ஓர் உளவியலாளர். மாநிலத்தில் அரசுப் பள்ளிகள் மட்டுமே 37,000க்கு மேல். ஒரு பள்ளிக்கு வண்டி மறுபடி எப்போது வரும் என்று வாசகரே வகுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரையும் அவர் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூன் 18 அன்று அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் சாதிக் கயிறு, பள்ளிப் பெயரில் சாதி என்று அதில் பலவும் விவாதமாயின. 500க்கு மேல் மாணவர்கள் படிக்கும் பள்ளிகளுக்குப் பள்ளி நல அலுவலர் என்று தனியே ஒருவரை நியமிக்க வேண்டும், ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை வாரம் ஓர் அறநெறி வகுப்பு கட்டாயமாக வேண்டும் என்ற பரிந்துரைகளை அவ்வளவாக யாரும் பேசவில்லை. கயிற்றைப் பற்றிச் சண்டை போடுவது சுலபம். நல அலுவலருக்குப் பட்ஜெட்டில் இடம் தேட வேண்டும்.

தனி ஆள் இல்லாத அந்த வெற்றிடத்தில் யார் நுழைகிறார்கள் என்பதற்கு 2024 இரண்டு உதாரணம் காட்டியது. ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தனியார் பள்ளியில் என்.சி.சி. முகாம் என்று நடத்தப்பட்டது போலி முகாம். நடத்தியவர்களைச் சரிபார்க்காமல் உள்ளே விட்டதன் விலையை மாணவிகள் கொடுத்தார்கள். அதே ஆண்டு சென்னை அசோக் நகர் அரசுப் பள்ளியில் ‘தன்னம்பிக்கை உரை’ நிகழ்த்த வந்தவர், மாற்றுத்திறனாளிகளின் நிலைக்கு முற்பிறவிப் பாவம்தான் காரணம் என்று மாணவிகளிடம் பேசினார். எதிர்த்துக் கேட்டவர் பார்வையற்ற ஓர் ஆசிரியர். வாழ்க்கைத் திறன், ஆளுமை வளர்ச்சி என்ற பெயர்ப்பலகையோடு யார் வந்தாலும் ஒலிபெருக்கியைக் கொடுத்துவிடும் பழக்கம் பள்ளிகளை விட்டு லேசில் போகாது. ஒரு மணி நேரத்தில் முந்நூறு பேருக்குத் தன்னம்பிக்கை ஊட்டிவிட முடியும் என்று யாராவது சொன்னால், முதலில் அவருடைய அடையாள அட்டையைக் கேட்பது நல்லது.

சரி, முறையாக நடத்தினால் இந்தப் பாடம் எப்படி இருக்கும்? வாழ்க்கைத் திறன் வகுப்புகளில் பரவலாக நடத்தப்படும் ஒரு பயிற்சி உண்டு. பிள்ளைகள் இரண்டு வரிசையாக, பத்தடி இடைவெளியில் எதிரெதிரே நிற்பார்கள். ஒரு வரிசை மெதுவாக நடந்து வரும். எதிரில் நிற்கும் பிள்ளை, தனக்குச் சங்கடமாகப் படும் இடத்தில் கையை நீட்டி ‘நில்’ என்று சொல்ல வேண்டும். நடந்து வருகிறவர் அந்த நொடியே நிற்க வேண்டும். ஒருத்தி ஆறடியிலேயே சொல்லிவிடுவாள். ஒருவன் மூக்கு இடிக்கும்வரை சிரித்துக்கொண்டு நிற்பான். இரண்டும் சரி. அவரவர் எல்லை அவரவருக்கு. ஒன்றும் பேசாமல் பின்னால் நகர்கிறவர்கள், கண்ணைத் தாழ்த்திக்கொள்கிறவர்கள், தோளைச் சுருக்கிக்கொள்கிறவர்கள் இருப்பார்கள். வாய் சொல்லாததை உடம்பு சொல்லும், அதையும் ‘நில்’ என்றே எடுத்துக்கொள் என்பது நடந்து வந்த வரிசைக்கான பாடம். ஆண் பிள்ளைகளுக்கு இதைவிடத் தேவையான அரைமணி நேரம் கிடையாது.

இரண்டாவது சுற்றில்தான் விஷயம் இருக்கிறது. இப்போது எதிரிலிருந்து நடந்து வருவது ஆசிரியர். பெரும்பாலான பிள்ளைகள் வாய் திறக்கத் தயங்குவார்கள். பெரியவரை எப்படி நிற்கச் சொல்வது? மரியாதைக் குறைவாகிவிடாதா? அந்தத் தயக்கத்தைப் பிள்ளை வீட்டிலிருந்து கொண்டு வருகிறது. ‘மாமாவுக்கு ஒரு முத்தம் குடு, இல்லேன்னா கோவிச்சுப்பாரு’ என்று மூன்று வயதிலிருந்து பழக்கியிருக்கிறோம். ‘வேண்டாம்’ என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட குழந்தையைத் தூக்கி மாமா மடியில் உட்கார வைத்து எல்லாரும் சிரித்திருக்கிறோம். பத்து வயதில் ஒருநாள் ‘யாராவது தப்பா தொட்டா வேண்டாம்னு கத்தணும்’ என்று சொன்னால், இதுவரை சொன்ன ‘வேண்டாம்’ எதற்கும் ஏன் மதிப்பில்லாமல் போயிற்று என்று பிள்ளைக்குக் குழப்பம்தான் வரும். குழந்தைகள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க 2004 முதல் சென்னையில் இயங்கும் ‘துளிர்’ போன்ற அமைப்புகள் தனிநபர் பாதுகாப்புக் கல்வியை ஒருநாள் கூத்தாக இல்லாமல், வயதுக்கேற்ப நீளும் பாடமாகக் கொண்டுபோக வேண்டியிருப்பதும் இதனால்தான்.

பேசாமல் ஒதுக்கிவிடலாம் என்று நினைத்த காலமும் இருந்தது. 2005இல் மத்திய அரசு வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தபோது, 2007 வாக்கில் மகாராஷ்டிரம், கர்நாடகம், மத்தியப் பிரதேசம் உள்ளிட்ட பல மாநிலங்கள் அதைத் தடை செய்தன, பிள்ளைகள் கெட்டுப்போவார்களாம். இப்போது ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கையில் அப்பாவின் பழைய ஃபோன் இருக்கிறது. பள்ளி பேசாவிட்டால் இன்ஸ்டாகிராம் பேசிக்கொள்ளும்.

பிள்ளை வந்து சொல்லும் அந்த நிமிடத்துக்கு வருவோம். ஷிப்ட் முடிந்து வந்து சட்டையைக் கழற்றும் அப்பாவிடம், சாதம் வடிக்கும் அம்மாவிடம், தேர்வுத்தாள் திருத்தும் டீச்சரிடம் பிள்ளை நேராக விஷயத்தைச் சொல்வதில்லை. ‘எனக்கு அந்த டியூஷன் வேணாம்’ என்னும். ‘வேன்ல போக மாட்டேன்’ என்னும். வயிற்றுவலி என்னும். ‘ஒரு மாதிரி இருக்கு’ என்னும். கேட்பவர் ‘சும்மா நடிக்காதே’ என்றால் கதை அங்கேயே முடிந்தது. ‘நீ ஏன் அங்க போன?’ என்றாலும் முடிந்தது. ‘யார்ட்டயும் சொல்லாதே, மானம் போயிடும்’ என்றால் அது சட்டப்படியே குற்றத்தின் பக்கம் போய்விடுகிறது. முதலில் சொல்ல வேண்டியது ‘நீ சொன்னது நல்லது, இது உன் தப்பு இல்லை’ என்பது மட்டுமே. துருவித் துருவிக் கேட்பதும், சம்பந்தப்பட்டவரை அழைத்துப் பஞ்சாயத்து வைப்பதும் வழக்கையே கெடுக்கும், 1098இல் ஆளிருக்கிறது. இவ்வளவையும் பெரியவர்களுக்குச் சொல்லித்தர ஒரு மதியம் போதும்.

அந்த மதியம் எது என்பதில்தான் தொழிற்பேட்டை ஊர் மாட்டிக்கொள்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பிற்பகல். குழுவில் குறைந்தது பாதிப் பேர் பெண்கள். அந்த நேரத்தில் கம்பெனிப் பேருந்தில் இருக்கும் அம்மா எப்படி வருவார்? வந்து உட்கார்ந்தால் அன்றைய கூலி போகும். விழிப்புணர்வு வாரம் வரும் நவம்பரில் ஒடிசாக் குடும்பங்களில் பலவும் இன்னும் வந்து சேர்ந்திருக்காது. சூளை வேலை பொங்கலையொட்டிச் சூடுபிடித்து, மழைக்காலத்துக்கு முன் முடியும். ஜூனில் பள்ளி திறந்து புத்தகம் கொடுக்கும்போது அவர்கள் ஊர் திரும்பியிருப்பார்கள். ஆக, பாடநூலின் முன்பக்கத்தில் அச்சிட்ட அந்த இரண்டு எண்ணும் அவர்கள் கைக்கு வருவதே இல்லை. வந்தாலும் புத்தகம் தமிழில் இருக்கும். இந்த மாவட்டத்துச் சூளைகளில் ஒடியா தெரிந்தவர்களை வைத்து வகுப்பு நடத்திய அனுபவம் ஏற்கெனவே இருக்கிறது. கணக்கும் எழுத்தும் சொல்லித்தந்த அதே ஆள் இதையும் சொல்லித்தர முடியும். இல்லாவிட்டால், ஆரம்பாக்கத்துக்குப் பிறகு ஊரே சந்தேகத்தோடு பார்க்கும் அந்தப் பிள்ளைகளுக்குத்தான் தங்களுக்கு ஏதாவது நடந்தால் சொல்ல ஆளும் இல்லை, மொழியும் இல்லை.

பணம் எங்கே என்று கேட்டால், சுற்றிலும் புகைபோக்கிகள் தெரிகின்றன. 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 135ஆவது பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ சொத்து மதிப்போ உள்ள நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அதைப் பள்ளிக்குத் திருப்பிவிட ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ என்ற ஏற்பாட்டை மாநில அரசு 2022 டிசம்பரிலேயே தொடங்கிவிட்டது. ஆனால் கம்பெனிகள் விரும்பிக் கொடுப்பது பெஞ்சு, கழிப்பறை, வண்ணச் சுவர், ஸ்மார்ட் போர்டு. எல்லாம் தேவைதான். எல்லாவற்றிலும் கம்பெனிப் பெயரை எழுதலாம். பிள்ளைகளோடு பேச அமர்த்தப்படும் ஓர் உள்ளூர்ப் பெண்ணின் மாதச் சம்பளத்தின்மேல் பெயர் எழுத இடமில்லை.

நாளந்தாவில் அப்படி ஓர் ஆளுக்குப் பயிற்சி கொடுத்து, பள்ளிக்கு ஒருவராக உட்கார வைத்தார்கள். கும்மிடிப்பூண்டி ஒன்றியத்தில் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு மட்டும் ஒருவர் வீதம் கணக்குப் போட்டால், அது சிப்காட்டின் பெரிய ஆலைகள் இரண்டு மூன்று சேர்ந்தால் தாங்கக்கூடிய செலவாகவே இருக்கும். தமிழோடு தெலுங்கோ இந்தியோ பேசத் தெரிந்த, பட்டப்படிப்பு முடித்து வேலை தேடும் பெண்களும் ஆண்களும் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். மறுவாழ்வு முகாமிலும் இருக்கிறார்கள். காவல்துறைச் சரிபார்ப்பு, பயிற்சி, மேற்பார்வைக்கு ஓர் உளவியலாளர், பேசுவதற்குக் கதவு சாத்தாத ஒரு சின்ன அறை. அதோடு, மேலாண்மைக் குழுக் கூட்டத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றலாம். அல்லது ஷிப்ட் மாறும் நேரத்தில் ஆலை கேன்டீனிலேயே வைத்துக்கொள்ளலாம். அப்பாக்களும் அங்கேதான் இருப்பார்கள்.